ஏரியைத் தெளியவைத்த மட்டி: வட அமெரிக்கப் பேரேரிகளில் ஒரு நிகழ்வு ஆய்வு

1989 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மன்ரோ என்ற ஊரில் குழாய்களில் தண்ணீர் நின்றுபோனது. ஊர் இருப்பது ஈரி ஏரியின் கரையில். கண்ணுக்கெட்டிய தூரம் நல்ல தண்ணீர், வீட்டில் ஒரு சொட்டு இல்லை. ஏரிக்குள் போட்டிருந்த உறிஞ்சு குழாயின் வாயைச் சின்னச் சின்ன மட்டிகள் அடைத்திருந்தன. மிச்சம் இருந்த இடைவெளியைக் குளிர்காலப் பனித்துகள் அடைத்தது. இரண்டு மூன்று நாள் பள்ளிக்கூடங்களும் தொழிற்சாலைகளும் மூடிக் கிடந்தன.

வரிக்குதிரை மட்டி என்ற இந்த இனத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மன்ரோவில்தான் தொடங்குவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கியிருக்கிறேன். ஆனால் குழாய் அடைப்பு இந்தக் கதையில் சின்னப் பகுதிதான், அதுவும் தீர்ந்துபோன பகுதி. ஐந்தாறு ஆண்டுகளில் அதற்கு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். ஏரிக்குள் நடந்ததற்கு இன்றுவரை வழி இல்லை. குழாய்க்கு ஒரு சொந்தக்காரர் இருந்தார், அவர் கையில் செலவுக் கணக்கு இருந்தது. ஏரிக்கு அப்படி யாரும் இல்லை. இரண்டு சேதத்தையும் ஒன்றாகக் கலந்து பேசுவதால்தான் இந்த மட்டியை வெறும் ‘பராமரிப்புத் தொந்தரவு’ என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வந்த வழி

இந்த மட்டியின் சொந்த ஊர் கருங்கடல், காஸ்பியன் கடல் ஆகியவற்றில் விழும் ஆறுகளின் கீழ்ப்பகுதி. 1771-இல் ரஷ்யப் பயணத்தின்போது இயற்கையியலாளர் பீட்டர் சைமன் பல்லாஸ் இதை முதன்முதலில் பதிவு செய்தார். பிறகு ஐரோப்பாவில் ஆறுகளை இணைத்துக் கால்வாய்கள் வெட்டினார்கள். படகு போன வழியில் மட்டியும் போனது. 1820-களில் லண்டன் துறைமுகத்திலேயே இருந்தது. அதாவது, ஐரோப்பாவுக்கு இது ஏறக்குறைய இருநூறு ஆண்டுப் பழைய விருந்தாளி. அமெரிக்காவுக்கு மட்டும் நெடுங்காலம் வரவில்லை. நடுவில் உப்புக்கடல் இருந்தது.

அந்தத் தடையை உடைத்தது கப்பலின் அடிவயிற்றில் நிரப்பும் பேலஸ்ட் தண்ணீர். சரக்கு இல்லாத கப்பல் லேசாகி ஆடும். அதனால் கிளம்பும் துறைமுகத்திலேயே ஆயிரக்கணக்கான டன் தண்ணீரை ஏற்றிக்கொள்வார்கள், போய்ச் சேரும் இடத்தில் சரக்கை ஏற்றும்போது அதை வெளியே விட்டுவிடுவார்கள். 1959-இல் செயின்ட் லாரன்ஸ் கடல்வழி திறந்த பிறகு கடல் கப்பல்கள் அட்லாண்டிக்கிலிருந்து நேராக அமெரிக்கக் கண்டத்தின் நடுவரைக்கும் வரத் தொடங்கின. சுப்பீரியர், மிச்சிகன், ஹூரான், ஈரி, ஒன்டாரியோ என்ற ஐந்து பேரேரிகளில் உலகின் மேற்பரப்பு நன்னீரில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கிறது. அந்தத் தண்ணீருக்குள் ஐரோப்பியத் துறைமுகத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கப்பல்களின் வேகம் கூடியதால் தொட்டியில் இருந்தவை உயிரோடு கரை சேர்வது எளிதானது.

யாருக்கும் தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. 1981-லேயே கனடா அரசு கேட்டு எழுதப்பட்ட ஓர் அறிக்கை, பேரேரிகளுக்கு வரும் கப்பல்களின் பேலஸ்ட் தண்ணீரில் அயல் உயிரினங்கள் உயிரோடு வருகின்றன, அவை இங்கே குடியேறக்கூடும் என்று எச்சரித்தது. அறிக்கை அலமாரிக்குப் போனது.

1988 ஜூன் 1 அன்று, ஹூரானுக்கும் ஈரிக்கும் நடுவில் இருக்கும் செயின்ட் கிளேர் ஏரியில் வின்ட்சர் பல்கலைக்கழகத்து இளம் ஆய்வாளர்கள் ஒரு சின்னப் படகில் போய் அடிமண்ணை அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேடியது சேற்றுப் புழுக்களை. வந்ததோ கல்லில் ஒட்டிக்கொண்டு விடாத, வரிவரியான ஒரு மட்டி. சோன்யா சாந்தவி என்ற ஆய்வாளர் அதைக் கவனித்துக் கரைக்குக் கொண்டுவந்தார். 1986-லேயே ஈரி ஏரியின் எரிவாயுக் கிணற்றுக் குழாய்களில் இது ஒட்டியிருந்தது என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் வெளியில் வந்தது. ஒரு அயல் உயிரினம் ‘கண்டுபிடிக்கப்பட்ட நாள்’ என்று எழுதப்படும் தேதியை நான் எப்போதும் சந்தேகத்தோடுதான் படிப்பேன். அது வந்த நாள் அல்ல, நம் கண்ணில் பட்ட நாள்.

ஒரு மட்டி, பக்கத்தில்

கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். முக்கோண ஓடு, மஞ்சளும் பழுப்புமாக நெளிநெளியான பட்டைகள். கண்ணாடித் தொட்டியில் போட்டுப் பார்த்தால் முதலில் ஓடு லேசாகத் திறக்கும், ஒரு நீண்ட வெளிறிய கால் வெளியே வந்து அடித்தளத்தைத் தடவித் தடவிப் பார்க்கும். இடம் பிடித்துவிட்டால் காலை அங்கேயே அழுத்தி வைத்துக்கொள்ளும். காலின் ஓரம் ஓடும் பள்ளத்தில் ஒரு திரவம் சுரந்து, நாராக இறுகும். காலை எடுத்த பிறகு அங்கே ஒரு மெல்லிய நார், அதன் நுனியில் தட்டையான ஒட்டுப்பட்டை. அப்புறம் அடுத்த நார். இப்படி நூற்றுக்கணக்கில் நார் விட்டு நங்கூரம் போட்டுவிடும். பிய்த்து எடுத்தால் மட்டி வரும், நார் அங்கேயே நிற்கும். இடம் பிடிக்கவில்லை என்றால் நாரை அறுத்துக்கொண்டு வேறு இடத்துக்கு நகரவும் செய்யும்.

இந்த நார்தான் பாதி ரகசியம். மறுபாதி குஞ்சு. ஒரு பெண் மட்டி ஓராண்டில் பத்து லட்சம் முட்டை வரைக்கும் தண்ணீரில் விடும். கருவுறுவதும் தண்ணீரில்தான். பொரிக்கும் குஞ்சு வெறும் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு மூன்று வாரம் நீரோட்டத்தில் மிதந்து திரிந்துவிட்டுத்தான் கீழே இறங்கி ஒட்டும். அதற்குள் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வட அமெரிக்காவில் ஏற்கனவே முந்நூறு வகைக்கு அருகில் நன்னீர் மட்டிகள் உண்டு, உலகிலேயே அதிகம். ஆனால் அவற்றின் வாழ்க்கை வேறு மாதிரி. அவற்றின் குஞ்சு மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டு வளர்ந்தால்தான் பிழைக்கும். மீன் எங்கே உதிர்க்கிறதோ அங்கே மண்ணில் பாதி புதைந்து பல பத்தாண்டுகள் வாழும். மிதக்கும் குஞ்சு, ஒட்டும் நார் இரண்டும் சேர்ந்த ஒன்று அந்த ஏரிகளுக்கு அதுவரை பழக்கமே இல்லை. ஏரியில் இருந்த பாறை, தூண், படகு, குழாய் எல்லாமே காலி வீடாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

குழாய்க் கணக்கு

உறிஞ்சு குழாய் இந்த மட்டிக்குச் சொர்க்கம். உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், உணவும் பிராணவாயுவும் தானாக வந்து சேரும். வாத்து வராது, அலை அடிக்காது. மன்ரோவில் உள்ள மின்நிலையத்தின் நீர்க்கால்வாயில் 1988-இல் சதுர மீட்டருக்குச் சில நூறு மட்டி இருந்தது, அடுத்த ஆண்டே 7 லட்சத்தைத் தொட்டது. சதுர மீட்டரில் 7 லட்சம் எப்படி இருக்க முடியும் என்று கேட்கலாம். தரையில் ஒட்டுவது முதல் அடுக்கு மட்டும்தான். அடுத்தவை மட்டியின் மேல் மட்டியாக ஏறி ஒட்டும். குழாயின் குறுக்களவு மாதாமாதம் சுருங்கும். செத்த ஓடுகள் கொத்தாகப் பிய்ந்து உள்ளே போய் வடிகட்டியை அடைக்கும்.

பொறியாளர்களின் பதில் சாமர்த்தியமாகவே இருந்தது. அதுவரை குளோரினை சுத்திகரிப்பு நிலையத்துக்கு உள்ளேதான் கலந்தார்கள். ஏரியிலிருந்து நிலையம் வரைக்கும் வரும் நீளமான குழாயில் வெறும் ஏரித் தண்ணீர்தான் ஓடியது. மட்டி குடியேறியதும் அந்தப் பகுதியில்தான். ஆகவே பெரிய குழாயை ஒட்டியே ஒரு சின்னக் குழாயைக் கொண்டுபோய், மருந்தை உறிஞ்சு வாயிலேயே கொடுக்க ஆரம்பித்தார்கள். பாசியும் மட்கும் நிறைந்த பச்சைத் தண்ணீரில் குளோரினைக் கலந்தால் உடம்புக்கு ஆகாத துணைப்பொருள்கள் உண்டாகும் என்பதால் பல ஊர்களில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுக்கு மாறினார்கள். மின்நிலையங்கள் தங்கள் வெந்நீரையே திருப்பி விட்டுக் கொன்றன. சில இடங்களில் வழுக்கும் பூச்சு, சில இடங்களில் முக்குளிப்பவர்களை இறக்கிச் சுரண்டல்.

இதற்கெல்லாம் ஆன செலவைப் பின்னால் கணக்கெடுத்தார்கள். 1989 முதல் 2004 வரை குடிநீர், மின்நிலையங்களுக்கு ஏறக்குறைய 26.7 கோடி டாலர். பெரிய தொகைதான். ஆனால் பதினைந்து ஆண்டுக்கு, இரண்டு நாடுகளின் தொழில் மண்டலத்துக்குப் பகிர்ந்தால் நீர்க்கட்டணத்தில் சில காசு கூடும், அவ்வளவே. கட்டணம் கூடியது, குழாய் ஓடியது, பத்திரிகைகள் வேறு செய்திக்குப் போய்விட்டன.

ஏரிக் கணக்கு

முதலில் போனவை அந்த ஏரிகளின் சொந்த மட்டிகள். அவை மணலில் புதைந்து, ஓட்டின் பின்நுனியை மட்டும் வெளியே நீட்டி மூச்சும் உணவும் எடுக்கும். சேற்றுத் தரையில் கெட்டியான பொருள் என்று இருப்பது அந்த நுனி மட்டும்தான். வரிக்குதிரை மட்டி அதில் போய் ஒட்டியது. ஒன்று, பத்து, பிறகு ஆயிரக்கணக்கில். கீழே இருக்கும் மட்டிக்கு ஓட்டைத் திறந்தால் மூட முடியாது, மூடினால் திறக்க முடியாது. வரும் உணவை மேலே இருப்பவை வடித்துவிடும். அந்தக் காலத்தில் எடுத்த மாதிரிகளில் அடியில் இருக்கும் மட்டியின் ஓடே தெரியாது, ஒரு பந்து போலக் குட்டி மட்டிகள்தான் தெரியும். செயின்ட் கிளேர் ஏரியின் திறந்த பகுதியில் 1990-களின் நடுவுக்குள் பழைய மட்டிகள் ஏறக்குறைய ஒழிந்தன. கரையோரச் சதுப்பு விளிம்புகளில் மட்டும் கொஞ்சம் தப்பிப் பிழைத்தன. இதற்கு எந்த அலுவலகத்திலும் பில் போடவில்லை.

அடுத்து நடந்ததை அன்றைக்குப் பலர் நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர் தெளிந்தது. வளர்ந்த மட்டி ஒன்று ஒரு நாளில் ஒரு லிட்டர் அளவுக்குத் தண்ணீரை இழுத்து வடிக்கும். ஈரி ஏரி 1960-களில் ‘செத்த ஏரி’ என்று பேர் வாங்கிய ஏரி. சாக்கடையும் சோப்பும் உரமும் கலந்து பாசி மண்டிக் கிடந்தது. 1972-இல் அமெரிக்காவும் கனடாவும் ஒப்பந்தம் போட்டு, பாசியை வளர்க்கும் பாஸ்பரஸைக் குறைக்கத் தொடங்கின, 1980-களில் ஏரி மெல்லத் தேறி வந்தது. அந்த நேரத்தில் மட்டி வந்து, கலங்கல் ஏரியின் அடித்தரையைக் கண்ணால் பார்க்கும்படி ஆக்கியபோது மக்கள் சந்தோஷப்பட்டதில் வியப்பில்லை.

ஆனால் தண்ணீரைக் கலங்கலாக வைத்திருந்தது வெறும் அழுக்கு அல்ல. மிதவைப் பாசியும் அதில் இருந்தது. அதைச் சின்ன மிதவை உயிர்கள் தின்னும், அவற்றை மீன்குஞ்சு தின்னும். மட்டி அந்த முதல் பிடி உணவையே எடுத்துக்கொண்டது. ஹட்சன் ஆற்றில் இதை ஆண்டுக்கணக்காக அளந்து வைத்திருக்கிறார்கள். 1991-இல் மட்டி வந்தது, இரண்டே ஆண்டில் மிதவைப் பாசி 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

இன்னொரு மட்டி வராமல் இருந்திருந்தால் சேதம் ஆழமில்லாத கரையோரத்தோடு நின்றிருக்கலாம். 1989-இல் ஈரி ஏரியில் போர்ட் கோல்போர்ன் பக்கம் கிடைத்த மட்டிகள் வேறு இனம் என்று 1991 வாக்கில் புரிந்தது. குவாகா மட்டி. இதுவும் கருங்கடல் பக்கத்து ஆறுகளிலிருந்து வந்த நெருங்கிய உறவுதான், குணம்தான் வேறு. வரிக்குதிரை மட்டிக்குக் கெட்டியான தரை வேண்டும், ஓரளவு சூடு வேண்டும். குவாகா சேற்றிலேயே கிடக்கும், குளிரிலேயே பெருகும், கொஞ்சம் உணவிலேயே வாழும். மிச்சிகன் ஏரியின் ஆழம் 281 மீட்டர். அதன் இருட்டுத் தரையிலெல்லாம் இது பரவியது, வரிக்குதிரை மட்டியையே ஓரங்கட்டிவிட்டது. பெயரும் புகழும் வரிக்குதிரைக்கு, ஏரியை எடுத்துக்கொண்டது குவாகா.

மிச்சிகன் ஏரியில் வசந்த காலத்தில் மேலும் கீழும் தண்ணீர் கலக்கும்போது பாசி பெருகும். அந்த ஆண்டின் உணவுக்கே அதுதான் முதல். 2000-களில் அந்தப் பெருக்கம் கண்ணெதிரே அடங்கிப்போனது. ஏரியின் அடியில் டிபோரியா என்று ஒரு சின்ன இறால் வகை உயிர் இருந்தது, ஒரு சென்டிமீட்டர்கூட வராது. உடம்பெல்லாம் கொழுப்பு. சதுர மீட்டருக்கு ஆயிரக்கணக்கில் இருந்தது. பேரேரிகளின் வெள்ளைமீன் அதைத் தின்றுதான் கொழுத்தது. டிபோரியா பெரும்பாலான இடங்களில் ஏறக்குறைய இல்லாமல் போனது. வெள்ளைமீன் மெலிந்தது. ஒரே வயதுள்ள மீன் முன்பைவிட எடை குறைவாக வலையில் வந்தது. மட்டியைத் தின்னப் பழகிக்கொண்டதுதான், ஆனால் ஓட்டைத் தின்று என்ன சத்து?

ஹூரான் ஏரியில் 2003-2004-இல் ஏல்வைஃப் என்ற மீன் கூட்டமாகச் சரிந்தது, அதை நம்பியிருந்த சினூக் சால்மனும் சரிந்தது. கரையோர மீன்பிடிச் சுற்றுலா ஊர்கள் படுத்துவிட்டன. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. ஏல்வைஃபும் வெளியூர் மீன்தான், கால்வாய் வழியாகக் கடலிலிருந்து வந்தது. அது பெருகித் தொல்லை கொடுத்ததால் 1960-களில் பசிபிக் பக்கத்துச் சால்மனைக் கொண்டுவந்து விட்டார்கள். வெளியூர் மீனைத் தின்ன வெளியூர் மீன், இரண்டின் வாயிலும் மண்ணைப் போட வெளியூர் மட்டி. ஏல்வைஃப் ஒழிந்த பிறகு ஹூரானில் ஏரி டிரவுட், வால்ஐ என்ற உள்ளூர் மீன்கள் இயல்பாகக் குஞ்சு பொரிப்பது கூடியது என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாம் ஒரே திசையில் கெட்டுப்போகவில்லை.

2021-இல் வெளிவந்த மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று இன்னும் ஒருபடி மேலே போனது. சுப்பீரியர் நீங்கலாக மற்ற பேரேரிகளில் பாஸ்பரஸ் சுழற்சியையே இப்போது குவாகா மட்டிதான் கட்டுப்படுத்துகிறது என்று அது காட்டியது. ஐம்பது ஆண்டாக ஏரிக்குள் எவ்வளவு பாஸ்பரஸ் விழுகிறது என்பதை வைத்து ஏரியை நிர்வாகம் செய்துவந்தார்கள். இப்போது அடியில் கிடக்கும் மட்டிக் கூட்டம் பெருகினால் ஒரு கணக்கு, செத்தால் இன்னொரு கணக்கு. சுப்பீரியர் தப்பியதற்குக் காரணம் எளிமையானது: அதன் தண்ணீரில் கால்சியம் குறைவு, ஓடு கட்ட முடியாது.

தெளிந்த தண்ணீருக்கு வேறு விலையும் இருந்தது. சூரிய ஒளி ஆழம் வரைக்கும் இறங்கியதால் கிளாடோஃபோரா என்ற நார்ப்பாசி தரையில் மண்டியது. மட்டி ஓடே அதற்குப் பிடிமானம், மட்டியின் கழிவே உரம். புயலில் அது பிய்ந்து கரையில் குவிந்து அழுகும். அழுகலில் பிராணவாயு தீர்ந்த இடத்தில் போட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியா பெருகும். மட்டியைத் தின்று பெருத்த வட்ட கோபி மீன் (அதுவும் கருங்கடல் பக்கத்துக்காரன், 1990-இல் வந்தது) வழியாக நஞ்சு பறவைக்குப் போகும். மிச்சிகன் ஏரிக் கரையில் லூன் பறவைகளும் கடற்காக்கைகளும் செத்து ஒதுங்கின. கழுத்தைத் தூக்க முடியாமல் தண்ணீரிலேயே மூழ்கிச் சாவது இந்த நஞ்சின் அடையாளம்.

மேற்கு ஈரியிலோ தலைகீழான தொல்லை. மட்டி எல்லாப் பாசியையும் தின்பதில்லை. நச்சுத்தன்மை உள்ள மைக்ரோசிஸ்டிஸ் உள்ளே வந்தால் சளியில் சுற்றி உயிரோடு வெளியே துப்பிவிடும். போட்டிப் பாசியைத் தின்றுவிட்டு விஷப் பாசிக்கு இடம் விடுகிறது என்று பொருள். 2014 ஆகஸ்ட் 2 அன்று டொலிடோ நகரத்தில் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரிடம் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கொதிக்க வைத்தாலும் பயன் இல்லை என்று சொல்ல நேர்ந்தது. தடை நீங்க மூன்றாம் நாள் ஆனது. முதல் குற்றவாளி மௌமி ஆறு கொண்டுவரும் வயல் உரம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மட்டி துணைபோனது.

மூழ்கிய கப்பல்கள்

இது ஓரத்துச் செய்தி, ஆனாலும் விட மனமில்லை. பேரேரிகளின் குளிர்ந்த நன்னீரில் மரக்கப்பல்கள் நூறு நூற்றைம்பது ஆண்டு அப்படியே கிடக்கும். கடலில் மரத்தைத் துளைக்கும் புழு இங்கே கிடையாது. தண்ணீர் தெளிந்ததும் முக்குளிப்பவர்களுக்குக் கொண்டாட்டம். 2015 வசந்தத்தில் கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரிலிருந்தே மிச்சிகன் ஏரிக்குள் கிடக்கும் கப்பல்களைப் படம் எடுத்தது. ஆனால் கிட்டே போய்ப் பார்த்தால் கப்பல் இல்லை, கப்பல் வடிவத்தில் மட்டிதான் இருக்கிறது. பெயர்ப்பலகை, செதுக்குவேலை எல்லாம் மூடிப்போயின. எடை தாங்காமல் பலகை பெயர்ந்து விழுகிறது, சுரண்டினால் மரமும் சேர்ந்து வருகிறது. மட்டி முழுதாக மூடுவதற்கு முன் எத்தனை கப்பலைப் படம் பிடிக்கலாம் என்று தொல்லியலாளர்கள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

வெளியே போன வழிகள்

சிகாகோவில் 1900-இல் திறந்த கால்வாய் மிச்சிகன் ஏரியை மிசிசிப்பி ஆற்றோடு இணைக்கிறது. 1991-இல் இல்லினாய் ஆற்றில் மட்டி, 1993-இல் நியூ ஆர்லியன்ஸில். அதற்கு எந்த உதவியும் தேவைப்படவில்லை, நீரோட்டம் போதும்.

மேற்கே பாலைவனம் தாண்டிப் போக மனிதர்கள் வேண்டியிருந்தது. படகை வண்டியின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவது அங்கே வாரக்கடைசிப் பழக்கம். படகின் அடியில் தேங்கிய ஒரு வாளித் தண்ணீரில் குஞ்சுகள் இருக்கும், வண்டியில் சிக்கிய நீர்ச்செடியில் மட்டி இருக்கும். ஈரமாக இருந்தால் மட்டி பல நாள் தண்ணீர் இல்லாமல் தாங்கும். 2007 ஜனவரியில் லாஸ் வேகாஸ் அருகே மீட் ஏரியில் குவாகா கிடைத்தது. அங்கிருந்து கொலராடோ ஆற்றுத் தண்ணீரோடு கீழே உள்ள நீர்த்தேக்கங்களுக்கும் கால்வாய்களுக்கும் இறங்கியது.

2021-இல் நடந்தது இன்னும் விசித்திரம். வீட்டு மீன்தொட்டிக்குப் போடும் பச்சைப் பாசி உருண்டைக்குள் உயிருள்ள வரிக்குதிரை மட்டி இருப்பதை சியாட்டில் பக்கத்தில் ஒரு கடை ஊழியர் கவனித்துச் சொன்னார். உருண்டைகள் உக்ரைனிலிருந்து இறக்குமதியானவை. தேடிப் பார்த்தால் பல மாநிலக் கடைகளில் இருந்தது. முப்பது ஆண்டாகப் படகைக் கழுவச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் தபால் பொட்டலத்தைக் கவனிக்கவில்லை.

ஐடஹோ மாநிலத்தின் ஸ்நேக் ஆற்றுக்கு இந்த விஷயத்தில் பழைய அனுபவம் உண்டு. 1987-இல் நியூசிலாந்துச் சேற்றுநத்தை வட அமெரிக்காவில் முதலில் கிடைத்தது அந்த ஆற்றில்தான். அரிசி மணி நீள நத்தை, அங்கே இருப்பவை ஏறக்குறைய எல்லாம் பெண், சேர்க்கை இல்லாமலே குட்டி போடும். ஒன்றே ஒன்று போய்ச் சேர்ந்தால் போதும். மீன் விழுங்கினாலும் மறுபக்கம் உயிரோடு வரும். அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. 2023 செப்டம்பரில் அதே ஆற்றில் ட்வின் ஃபால்ஸ் அருகே குவாகாக் குஞ்சு தெரிந்தபோது மாநிலம் தயங்கவில்லை, அக்டோபரில் ஆற்றுக்குள் செம்பு மருந்தை ஊற்றியது. டன் கணக்கில் மீன் செத்தது. 2024 செப்டம்பரில் குஞ்சு மறுபடியும் தெரிந்தது, மறுபடியும் ஊற்றினார்கள்.

ஓடும் தண்ணீரில் இது பந்தயம்தான். மூடிய தண்ணீரில் வெற்றி கிடைத்திருக்கிறது. வர்ஜீனியாவில் மில்புரூக் என்ற பழைய கல்குவாரிக் குளத்தில் 2006-இல் மூன்று வாரம் பொட்டாசியம் குளோரைடு கரைசலை விட்டு வரிக்குதிரை மட்டியை அடியோடு ஒழித்தார்கள். ஆஸ்திரேலியாவின் டார்வினில் 1999-இல் கருவரி மட்டி என்ற உறவுக்கார இனம் படகுத்துறைகளில் தெரிந்ததும் மதகுகளை அடைத்து, குளோரினும் மயில்துத்தமும் கொட்டி, சில வாரத்தில் முடித்தார்கள். அந்தத் துறைகளுக்கு மதகு இருந்தது. மிச்சிகன் ஏரிக்கு ஏது மதகு?

வாசலை அடைத்த நேரம்

சரி, கப்பல்? 1990-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. 1993 முதல் பேரேரிகளுக்கு வரும் கப்பல்கள் நடுக்கடலில் பேலஸ்ட் தண்ணீரை மாற்ற வேண்டும் என்பது கட்டாயமானது. உப்புத் தண்ணீர் நன்னீர் உயிர்களைக் கொல்லும் என்பதே உத்தி. ஓட்டை எங்கே என்றால், வந்த கப்பல்களில் பெரும்பாலானவை சரக்கோடு வந்தன. ‘பேலஸ்ட் இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தன. காலித் தொட்டி என்றாலும் அடியில் சேறும் பல டன் மிச்சத் தண்ணீரும் கிடக்கும். முதல் துறைமுகத்தில் சரக்கை இறக்கி ஏரித் தண்ணீரை ஏற்றுவார்கள், அடுத்த துறைமுகத்தில் சேற்றோடு சேர்த்து வெளியே விடுவார்கள். காலித் தொட்டியையும் கடல்நீரால் அலசச் சொல்லி 2006-இல் கனடாவும் 2008-இல் அமெரிக்கப் பக்கத்துக் கடல்வழி நிர்வாகமும் கட்டாயமாக்கிய பிறகுதான் கப்பல் வழியாகப் புது இனம் வருவது பெருமளவு நின்றது. உலக அளவிலான பேலஸ்ட் ஒப்பந்தம் 2004-இல் எழுதப்பட்டு 2017 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

குழாய் வாயில் குளோரின் போய்ச் சேர ஒரு சில ஆண்டு. தொட்டியை அலசும் விதி வர இருபது ஆண்டு. அலசுவதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவைப்படவில்லை, கடல்நீரும் ஒரு பம்பும் போதும். மட்டியை வேண்டுமானால் இயற்கையின் கணக்கில் எழுதலாம், அந்த இருபது ஆண்டுத் தாமதத்தை எழுத முடியாது.

நம் கடற்கரைக்கும் இதே வாசல்தான். டார்வினில் ஒழித்த அந்தக் கருவரி மட்டி 1960-களிலேயே விசாகப்பட்டினத்துக்கு வந்துவிட்டது. எண்ணூர், பழவேற்காடு உவர்நீரில் மீனவர்கள் காக்கா ஆழி என்று சொல்லும் தென் அமெரிக்க மட்டி ஆற்றின் அடித்தரையைப் பாய் விரித்தாற்போல மூடிவிட்டது. சேற்றில் புதைந்து கிடக்க வேண்டிய இறாலுக்குச் சேறு இல்லை, கையால் தடவி இறால் பிடிப்பவர்களுக்கு விரல் கிழிகிறது. இது நன்னீர் இனம் இல்லைதான். ஆனால் நஷ்டம் யார் தலையில் விழுகிறது, யார் கணக்கில் வருவதில்லை என்று பார்த்தால் செயின்ட் கிளேர் பக்கம்தான் நிற்கிறது, மன்ரோ பக்கம் அல்ல.

2024 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் துறைமுகப் பகுதியில் பொன் மட்டி கிடைத்தது. வட அமெரிக்காவில் முதல்முறை. சீனப் பக்கத்து இனம், 1990-களில் அர்ஜென்டினாவின் லா பிளாட்டாவில் இறங்கி, பத்தே ஆண்டில் ஆறு ஏறி இடாய்ப்பு அணைக்குப் போன மட்டி. ஸ்டாக்டன் இருக்கும் ஆற்று டெல்டாவிலிருந்துதான் கலிஃபோர்னியாவின் தெற்குக்கு வாய்க்கால் கட்டித் தண்ணீர் போகிறது. அடுத்த சில மாதங்களுக்குள் பல நீர்த்தேக்கங்களில் படகுக்குத் தடை, சோதனை, முத்திரை வைத்து முப்பது நாள் உலர வைக்கும் விதி என்று வரிசையாக வந்தன. மேற்கு மாநிலங்கள் எந்த ஏரிக்கு ஆபத்து என்பதை முப்பது ஆண்டாகத் தண்ணீரின் கால்சியம் அளவை வைத்துத்தான் பிரித்து வைத்திருந்தன. பொன் மட்டிக்கு வரிக்குதிரை மட்டியைவிட மிகக் குறைந்த கால்சியமே போதும். பத்திரம் என்று ஒதுக்கி வைத்த மலை ஏரிகளையும் பட்டியலில் சேர்த்து, அந்தக் கணக்கை இப்போது முதலிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.